தலையெழுத்தும் ஜனக்கணக்கும்

சென்ற மாதம் உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக் களமருதூருக்கு ஒரு கூட்டத்திற்காகச் சென்றிருந்தோம். கூட்டம் முடியும் தறுவாயில் ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, நீங்க சொல்றதெல்லாம் சரிங்க. ஆனா ஆயுசு மட்டும் அவன் போட்ட கணக்குதானுங்களே? பொறக்கறப்பவே நெத்தியில எழுதிட்டான். அதை யாருங்க மாத்த முடியும்?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். அப்படித் தலையாட்டினவர்களில் நமது தோழர்களே இரண்டொருவர் இருந்ததைக் கண்டபோதுதான் இதைப் பற்றி எழுதாமல் விடக்கூடாது என்று நமக்குத் தோன்றிற்று. அன்று அந்தப் பெரியவருக்குச் சொன்ன பதிலும், நேரமின்மையால் சொல்லாமல் விட்டதும் சேர்ந்ததே இவ்வியாசம்.

கணக்கு என்றால் நம் ஜனங்களுக்கு ஆகாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. செத்த பிறகு போகிறதாகச் சொல்லப்படும் உலகத்திலேகூட ஒரு கணக்குப்பிள்ளையை உட்கார வைத்து, அவனுக்குச் சித்திரகுப்தன் என்று பெயரும் வைத்து, கையில் ஏடும் எழுத்தாணியும் கொடுத்து, காஞ்சிபுரத்தில் கோயிலும் கட்டிக் கும்பிடுகிறவர்கள் நாம். இருக்கட்டும். அந்தக் கணக்குப்பிள்ளையின் ஏட்டை இதுவரை பார்த்தவன் எவனும் இல்லை. ஆனால் சர்க்கார் எடுத்த ஜனக்கணக்கை யாரும் பார்க்கலாம். அதிலிருந்து போட்ட கணக்குப்படி 1901 முதல் 1911 வரையிலான பத்து வருஷத்தில் இந்தியாவில் பிறந்த ஒரு குழந்தை சராசரியாக எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் சுமார் 23 வருஷம். அடுத்த பத்து வருஷத்தில் சுமார் 20 வருஷம். 1918ஆம் வருஷத்து இன்புளூயன்சா காய்ச்சல் கோடிக்கும் மேற்பட்ட பேரை வாரிக்கொண்டு போன காலம் அது. இன்றைய இந்திய எல்லைக்குள் 1911இல் 25 கோடியே 21 லட்சமாயிருந்த ஜனத்தொகை 1921இல் 25 கோடியே 13 லட்சமாயிற்று. பத்து வருஷம் பிள்ளை பெற்றும் தலைகள் குறைந்து போயின என்றால் எப்படிப்பட்ட காலம் என்று யோசித்துக் கொள்ளுங்கள். 1941 முதல் 1951 வரை சுமார் 32 வருஷம். இப்பொழுதோ நாடு முழுமைக்கும் சுமார் 70. தமிழ்நாட்டில் 72க்கும் மேல்.

பிரம்மா எழுத்தாணியை மாற்றிக்கொண்டானா என்று கேட்கின்றோம். நம் பாட்டன் நெற்றியில் இருபதும், பேரன் நெற்றியில் எழுபதும் எழுத அவனுக்கு என்ன வந்தது? நூறு வருஷத்தில் நாம் மூன்றரை மடங்கு பக்தி செய்துவிட்டோமா? அம்மை குத்தினவனும், குடிதண்ணீரில் மருந்து கலந்தவனும், பிரசவத்திற்குப் படித்த மருத்துவச்சியை ஊருக்கு அனுப்பினவனும், பட்டினி கிடந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் சோறு போட்டவனும் சேர்ந்தல்லவா அந்த எழுத்தைத் திருத்தினார்கள்! 1975 மே மாதத்திற்குப் பின் இந்தியாவில் ஒருவனுக்கும் பெரியம்மை வரவில்லை. மாரியாத்தாள் இருக்கிறாள், கூழும் ஊற்றுகிறோம், நோய் மட்டும் போய்விட்டது. திருக்கடவூரில் இன்று அறுபதாம் கலியாணத்திற்கும் எண்பதாம் கலியாணத்திற்கும் கூட்டம் தாங்கவில்லை. புராணப்படி மார்க்கண்டேயன் ஒருவனுடைய பதினாறு வயதை நீட்டிக் கொடுக்க ஒரு சிவனே இறங்கி வரவேண்டியிருந்தது. கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு நீட்டிக் கொடுத்த ஊசிக்கு ஒரு தேங்காய் உடைத்தவன் உண்டா?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்க வேண்டும். சராசரி ஆயுள் 23 என்றால் அக்காலத்தில் எல்லோரும் 23 வயது வந்ததும் பொத்தென்று விழுந்து செத்தார்கள் என்பது அர்த்தமல்ல. பத்துப் பிள்ளை பிறந்த ஒரு வீட்டை எடுத்துக் கொள்ளுங்கள். நான்கு பிள்ளைகள் ஒரு வயதிலேயே போய்விட்டன, மற்ற ஆறு பேரும் ஐம்பது வயது இருந்தார்கள் என்றால், மொத்தம் வாழ்ந்தது 304 வருஷம். தலைக்குச் சுமார் 30. அந்த வீட்டில் ஒருவன்கூட முப்பது வயதில் சாகவில்லை. "எங்க தாத்தா தொண்ணூறு வயசு கல்லு மாதிரி இருந்தாரு, அந்தக் காலத்துச் சாப்பாடு அப்படி" என்று நம்மவர் பேசுகிற பேச்சு இதனால்தான் நம்பும்படி இருக்கிறது. தாத்தா இருந்தார், சரி. தாத்தாவோடு பிறந்த ஏழு பேர் எங்கே என்று கேட்டால் அதற்குத்தான் பதில் இல்லை. பிழைத்துக் கிடந்தவனைப் பார்த்துப் பழங்காலத்தை எடைபோடுகிறோம்; செத்துப்போன பிள்ளைக்குப் பெயர்கூட வைக்கப்பட்டிருக்காது.

நிற்க. இந்த ஆயுள் அட்டவணை என்னும் வித்தை பிறந்த கதையே நம்முடைய விஷயத்திற்கு நெருங்கினது. இன்று போலந்தில் இருக்கிற, அன்று ப்ரெஸ்லாவ் என்று பெயர் கொண்ட ஊரில், நம் ஜோசியன் 'கண்டம்' என்று சொல்லுகிறானே அதே மாதிரி, ஏழாலும் ஒன்பதாலும் பெருக்கி வரும் வயதுகள், முக்கியமாய் 49ம் 63ம், உயிருக்கு ஆபத்தான வயதுகள் என்று ஜனங்கள் நம்பியிருந்தார்கள். காஸ்பர் நாய்மன் என்ற பாதிரி இதைச் சோதிக்க எண்ணி, 1687 முதல் 1691 வரை அவ்வூரில் செத்தவர்களின் வயதைச் சாவுப் பதிவிலிருந்து வரிசையாய் எண்ணி எழுதினார். 49லும் 63லும் சாவு கூடுதலாய் ஒன்றும் இல்லை. கண்டமும் இல்லை, பிண்டமும் இல்லை. அந்தக் கணக்கு லண்டனுக்குப் போய், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த எட்மண்ட் ஹாலி கைக்குக் கிடைத்து, 1693இல் அவர் அதைக்கொண்டு, இத்தனை குழந்தைகளில் பத்து வயதில் எத்தனை பேர் மிச்சம், இருபதில் எத்தனை பேர், ஐம்பதில் எத்தனை பேர் என்று ஓர் அட்டவணை போட்டார். இன்றைக்கும் ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் உங்களிடம் பணம் வாங்குவது அந்த வழியில் வந்த அட்டவணையைப் பார்த்துத்தான். உங்கள் ஜாதகத்தைப் பார்த்தல்ல. ஜாதகத்தில் ஆயுள் பாவம் மெய்யாயிருந்தால் எந்தக் கம்பெனியாவது ஒரு ஜோசியனைச் சம்பளம் போட்டு வைத்துக்கொள்ளாதா? பாதிரியே செய்திருந்தாலும் நல்ல காரியத்தை நல்ல காரியமென்றுதான் நாம் சொல்லுவோம். நம் பஞ்சாங்கக்காரரில் ஒருவராவது தாம் சொன்ன கண்டங்களில் எத்தனை பலித்தது, எத்தனை பொய்த்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தது உண்டா?

ஜாதகம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பிறந்த நாழிகை, விநாடி, பாதம் எல்லாம் குறித்து மஞ்சள் தடவிப் பெட்டிக்குள் வைத்திருக்கிற அதே வீட்டில், ஜனக்கணக்கு எடுக்க வருகிறவன் வயதென்ன என்று கேட்டால், "நாப்பதோ நாப்பத்தஞ்சோ இருக்கும், போட்டுக்குங்க" என்கிறார்கள். நம் நாட்டு ஜனக்கணக்கில் 40, 45, 50, 60 என்று முழு எண் வயதுக்காரர்கள் குவிந்து கிடப்பதும், 41க்கும் 49க்கும் ஆளே இல்லாததுபோல் பள்ளம் விழுவதும் கணக்கர்கள் அறிந்த பழைய வேடிக்கை. அதனால்தான் கணக்கெடுப்போர், எந்தப் புயல் அடித்தபோது, எந்தத் தலைவர் செத்தபோது உங்களுக்குக் கலியாணம் ஆகியிருந்ததா, கைக்குழந்தை இருந்ததா என்று கேட்டு வயதைப் பிடிக்கிறார்கள். கலியாணப் பொருத்தத்திற்கு விநாடி வேண்டும், உயிரோடிருப்பவனை எண்ணுவதற்கு வருஷம்கூட வேண்டாம் என்கிற புத்தி எப்படிப்பட்டது பாருங்கள்!

இனி, எழுதப்படாத சாவை எப்படி எண்ணுவது என்கிற கேள்விக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்பு பதிய 1899இலேயே சட்டம் உண்டு. கிராம முன்சீப்பு எழுதவேண்டும். எழுதினார்களா? ஊர்த்தெருவில் செத்தால் எழுதியிருப்பார்கள். சேரியில் செத்தவனுக்காக முன்சீப்பு ஏடு எடுத்து வந்தாரென்று நினைப்பது கஷ்டம். பரம்பரை முன்சீப்பு கர்ணம் உத்தியோகங்கள் 1980இல் ஒழிந்து, இன்று கிராம நிர்வாக அலுவலர் எழுதுகிறார். இந்தியா முழுமைக்குமான 1969ஆம் வருஷத்துச் சட்டப்படி 21 நாளுக்குள் தெரிவிக்கவேண்டும். தெரிவிக்காதவர்கள் எத்தனை பேர் என்று அறிய ஒரு வழியைக் கல்கத்தா பொதுச் சுகாதாரக் கழகத்திலிருந்த சந்திரசேகரன் என்பவரும் அமெரிக்கரான டெமிங் என்பவரும் வங்காளத்துச் சிங்கூர்ப் பகுதிக் கணக்கை வைத்து 1949இல் வெளியிட்டார்கள். நாம் பெரிய படிப்புப் படித்தவர்களல்ல. ஆயினும் இதைப் புரிந்துகொள்ளத் திண்ணைப் பள்ளிக்கூடத்துக் கணக்கே போதும்.

ஓர் ஊரில் ஆசிரியர் ஒருவர் வருஷம் முழுதும் சாவுகளை எழுதி 80 என்கிறார். அவரது ஏட்டைப் பார்க்காமல் வேறொருவர் வீடுவீடாய்ப் போய் விசாரித்து 90 என்கிறார். இரண்டு ஏட்டிலும் ஒன்றாக இருப்பவை 72. இரண்டாமவர் கண்ட 90இல் 72ஐத்தான் முதலாமவர் கண்டிருக்கிறார். அதாவது நூற்றுக்கு 80. ஆகையால் அவர் எழுதிய 80 சாவும் ஊரின் மொத்தச் சாவில் நூற்றுக்கு 80 என்று வைத்தால், மொத்தம் 100. இரண்டு ஏட்டையும் சேர்த்தால் கிடைப்பவை 98தான். இருவர் கண்ணிலும் படாத இரண்டு சாவு இன்னும் இருக்கிறது என்று காகிதத்திலேயே கண்டுபிடித்தாயிற்று. ஞானதிருஷ்டி என்று சொல்லுகிறார்களே, இதற்கல்லவா அந்தப் பெயர் தகும்! 1969-70 முதல் இந்தியா முழுவதும் நடந்துவரும் மாதிரிப் பதிவு முறையில், பொறுக்கியெடுத்த ஊர்களில் ஒருவர் தொடர்ந்து எழுத, ஆறு மாதத்துக்கொருமுறை வேறொருவர் வந்து தனியே விசாரித்து, இரண்டையும் ஒத்துப் பார்த்து, ஒவ்வாதவற்றை மறுபடி நேரில் போய்ச் சரிபார்க்கிறார்கள். மேலே சொன்ன 70 வருஷக் கணக்கு இதிலிருந்து வந்ததே.

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒருவர் கண்ணுக்கு மறைக்கப்பட்டது இன்னொருவர் கண்ணுக்கும் சேர்த்து மறைக்கப்படக்கூடாது. ஊரே கூடி மறைக்கிற சாவு எந்த ஏட்டிலும் வராது. பிறந்த பெண் குழந்தைக்கு நெல்லும் கள்ளிப்பாலும் கொடுத்து, கொல்லையில் புதைத்துவிட்டு, பிறப்பையும் சொல்லாமல் இறப்பையும் சொல்லாமல் இருந்துவிட்டால், அந்தப் பிள்ளை உலகத்துக்கு வரவே இல்லை. உசிலம்பட்டியும் சேலமும் தர்மபுரியும் இதற்குப் பெயர் வாங்கின. 1990களில் நம் ஆரம்ப சுகாதார நிலையத்து ஏடுகளில் பெண் குழந்தைச் சாவுக்குக் காரணம் என்ற பத்தியில் 'சமூகக் காரணம்' என்று எழுதினார்கள். எவ்வளவு நாகரிகமான வார்த்தை! 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது. மறைத்த சாவை வெளியே இழுத்தது எது? உயிரோடிருக்கிற பிள்ளைகளை எண்ணினது. 2011இல் தமிழ்நாட்டில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் பிள்ளைகளுக்கு 943 பெண் பிள்ளைகள். களமருதூருக்குக் கிழக்கே அண்டை ஜில்லாவான கடலூரில் 896. இப்போது கள்ளிப்பாலுக்குப் பதில் ஸ்கேன் மெஷின் என்று கொள்ளுங்கள். மகாலட்சுமி பிறந்தாள் என்று வாயாற வாழ்த்துகிற ஜாதிகள் எல்லாம் இந்த 896க்குப் பதில் சொல்லட்டும்.

எண்ணுகிறவனுக்குப் புத்தியும் யோக்கியமும் இரண்டும் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுகிறோம். 2020ஆம் வருஷக் கணக்குப்படி கேரளத்தில் ஆயிரம் பேருக்கு 7 பேர் செத்தார்கள், பீகாரில் 5.4. அப்படியானால் கேரளத்தைவிடப் பீகார் ஆரோக்கியமான தேசமா? இல்லை. கேரளத்துக்காரன் சராசரி 75 வருஷம் இருக்கிறான்; பீகார்க்காரன் 69. கேரளத்தில் கிழவர்கள் ஜாஸ்தி, ஆகையால் சாவு ஜாஸ்தி. பீகாரில் பிள்ளைகள் ஜாஸ்தி. வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்காத கணக்கு பொய்யைவிட மோசமான கணக்கு.

இதைச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. நம் கட்சிக்காரர்களே இதே தப்பைச் செய்கிறார்கள். ஆதிதிராவிடப் பெண்கள் மேல்ஜாதிப் பெண்களைவிட 14.6 வருஷம் முன்னாலேயே சாகிறார்கள் என்று 2018இல் ஐக்கிய நாடுகள் சபையின் பெண்கள் அமைப்பு ஒன்று வெளியிட்ட கணக்கை நாமும் மேடைகளில் பேசியிருக்கிறோம். பேசும்போது கைதட்டலும் கிடைத்தது. பிறகு விசாரித்தால், அது ஆயுள் அட்டவணை போட்டுக் கண்டதல்ல. செத்தவர்களின் வயதைக் கூட்டிச் சராசரி பார்த்தது. ஒரு கூட்டத்தில் பிள்ளைகளும் இளைஞர்களும் அதிகமாயிருந்தால் செத்தவர்களிலும் இளையவர்கள் அதிகமாயிருப்பார்கள். சராசரி தானே கீழே இறங்கும். பீகாரும் கேரளமும் போலத்தான். சரியான அட்டவணை போட்டு, வடக்கிலும் கிழக்கிலுமுள்ள ஒன்பது மாநிலங்களைப் பற்றி 2022இல் வெளிவந்த ஆராய்ச்சி, மேல்ஜாதி இந்துக்களைவிட ஆதிதிராவிடர்களுக்கு மூன்று வருஷத்திற்கு மேலும், மலைஜாதியாருக்கு நான்கு வருஷத்திற்கு மேலும் ஆயுள் குறைவு என்று காட்டுகிறது. பணவசதியைக் கழித்துப் பார்த்தாலும் இந்த வித்தியாசம் முழுதும் மறையவில்லையாம். பதினான்கு என்று நாம் பேசினது தப்பு. அதைத் திருத்திக்கொள்ள நமக்கு வெட்கமில்லை. மூன்று வருஷமும் நான்கு வருஷமும் அற்பமா? ஒருவனுக்கு ஜாதியின் பேரால் மூன்று வருஷம் ஜெயில் போட்டால் சும்மா இருப்போமா? சரியான எண்ணே இவ்வளவு கொடுமையாயிருக்கும்போது, அதை ஊதிப் பெருக்கி எதிரி கையில் ஊசி கொடுப்பானேன்?

ஜாதியைக் கேட்டு எழுதினால் ஜாதி வளரும் என்று உபதேசம் செய்கிறவர்களுக்கும் இதுவே பதில். ஜாதிவாரியாக எல்லோரையும் எண்ணி முழுதும் வெளியிட்டது கடைசியாக 1931இல். அதற்குப் பிறகு எண்ணாததால் ஜாதி செத்துப் போயிற்றா? 2021இல் நடக்கவேண்டிய ஜனக்கணக்கு கொரோனாவின் பேரால் தள்ளிப்போய், 2027 மார்ச் முதல் தேதியைக் குறிநாளாக வைத்து, ஜாதியையும் கேட்டு எடுப்பதென்று 2025 ஜூன் மாதம் சர்க்கார் அறிவிப்புச் செய்திருக்கிறது. கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வரும்போது வயதையும் படிப்பையும் பிள்ளைகள் எண்ணிக்கையையும் உள்ளபடி சொல்லவேண்டியது நம் வேலை.

களமருதூரிலிருந்து மேற்கே கள்ளக்குறிச்சியையும் தாண்டிப் போனால் கல்வராயன் மலை. அங்கே வாழ்கிற மலையாளி என்னும் மலைஜாதியார் (கேரளத்து மலையாளிகள் அல்ல) 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் கிடந்தார்கள். நாடு சுதந்தரமடைந்து 29 வருஷம் கழித்துத்தான் சர்க்கார் அங்கே ஏறிற்று. அம்மலை மக்களின் சராசரி ஆயுள் என்ன என்று ஒருவன் கேட்டால் மாதிரிப் பதிவுக் கணக்கில் அதற்கு எண் கிடையாது. அம்முறை மாநிலத்துக்கு எண் சொல்லும், ஜில்லாவுக்கே சொல்லாது. 2019இல் பிறந்த கள்ளக்குறிச்சி ஜில்லாவுக்கும் இல்லை, மலைக்கும் இல்லை. தமிழ்நாட்டுக்கு 72 என்றால் அதில் சென்னை மயிலாப்பூரும் அடக்கம், ரோடில்லாத மலைக்கிராமத்திலிருந்து டோலி கட்டித் தூக்கி வரும்போது வழியில் செத்தவளும் அடக்கம். சராசரி என்பது பணக்காரன் ஆயுளிலிருந்து ஏழை ஆயுளுக்குப் போர்வை போர்த்துகிற சாதனமாகவும் ஆகிவிடக்கூடும்.

சின்ன ஊருக்குத் தனியாகக் கணக்குப் போடுவது சுலபமல்ல என்பதையும் ஒப்புக்கொள்ளுகிறோம். மூவாயிரம் பேர் உள்ள ஊரில் வருஷத்துக்கு இருபது சாவு வரலாம். ஒரு வருஷம் பதினான்கு, மறுவருஷம் இருபத்தாறு என்றால் ஊர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, தற்செயல். இதைத் தெரியாமல்தான் ஒரே மாதத்தில் மூன்று சாவு விழுந்தால் ஊர்ச்சாபம் என்று பூசாரியைக் கூப்பிடுகிறார்கள். ஐந்து பத்து வருஷ ஏட்டைச் சேர்த்து, பல ஊரைக் கூட்டி, வயதுவாரியாகப் பார்த்தால் மலைக்கென்று ஒரு கணக்குக் கிடைக்கும். அதற்கு ஒவ்வொரு சாவும் எழுதப்பட்டிருக்கவேண்டும், காரணமும் எழுதப்பட்டிருக்கவேண்டும். இந்தியாவில் பதியப்படும் சாவுகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குத்தான் டாக்டர் எழுதிய காரணம் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். ஒரே சமயத்தில் செத்ததால் உலகமே எண்ணிற்று. ஒவ்வொருவராய்ச் சாகிறவனுக்கு ஈரல் போயிற்றா, வயிறு போயிற்றா என்று எந்தப் பத்தியில் யார் எழுதினார்கள்?

களமருதூர்க் கூட்டம் கலைந்த பின் அந்தப் பெரியவர் நம்மோடு நடந்து வந்தார். கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டோம். "எட்டுங்க. நானும் ஒரு தங்கச்சியும் தான் நின்னோம்" என்றார். மற்ற ஆறு பேரும் எதிலாவது எழுதப்பட்டிருக்கிறார்களா என்றோம். சிரித்தார். பிறகு, தம் தம்பிமுறை ஆனவன் ஒருவனை இருட்டிலிருந்து கூப்பிட்டு, "இவன் சம்சாரம் போய் எட்டு மாசமாச்சுங்க, அதையும் எழுதலீங்க" என்றார். ஏன் எழுதவில்லை என்றதற்கு, "அவ பேர்ல நெலமா இருக்குது, பட்டா மாத்தறதுக்கு? பென்சனும் கெடையாது. சர்ட்டிபிகேட்டு வாங்கி என்ன பண்றதுங்க?" என்றான் அவன். நிலமில்லாதவள் செத்ததை யாருக்குத் தெரிவிப்பது என்பது அவனுடைய நியாயம்.

30 நாள் கடந்தால் மேலதிகாரி அனுமதியும் தாமதக் கட்டணமும் வேண்டும். வருஷம் திரும்பிவிட்டால் இன்னும் தொல்லை. ஆகையால் டீக்கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து மனு எழுதினோம். வயதென்ன என்றோம். "எழுவது இருக்குங்க" என்றான். கலியாணம் எப்போது என்றோம். தெரியவில்லை. எம்.ஜி.ஆர். செத்த 1987ஆம் வருஷம் மூத்த பையன் கைக்குழந்தை, கலியாணமாகி மூன்றாம் வருஷம் அவன் பிறந்தான், கட்டிக்கொடுக்கும்போது அவளுக்குப் பதினேழு என்று ஒவ்வொன்றாய் வந்தது. கூட்டிக் கழித்துக் காட்டினோம். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எழுவதுன்னு தானுங்க மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன்" என்றான். மனுவில் வயது என்ற இடத்தில் 58 என்று எழுதி, அவன் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்தோம்.